வானவன் மாதேவி ஈச்சரத்தில் ஒரு பிடி வில்வம்

தேவாரப் பாடல் பெற்ற திருத்தலங்களில் ஈழநாட்டுக்கு உரியவை இரண்டு. மன்னார்க் கரையோரத்தில் உள்ள திருக்கேதீச்சரம் ஒன்று. கிழக்குக் கடலை நோக்கி நிற்கும் திருக்கோணமலை மற்றொன்று. திருஞானசம்பந்தப் பெருமான் இரண்டு தலங்களையும் பாடியிருக்கிறார். சுந்தரமூர்த்தி நாயனார் கேதீச்சரத்தைப் பாடியிருக்கிறார். இருவருமே கடல் கடந்து செல்லவில்லை, இராமேஸ்வரத்தில் எழுந்தருளியிருந்தபோது அங்கிருந்தபடியே ஈழத்துப் பெருமானைத் துதித்தார்கள் என்பது மரபு. நாயன்மார்கள் மனத்தால் கண்டு பாடிய தலங்களை நாம் கண்ணால் காண முடிகிறது என்றால் அது இக்காலத்தவராகிய நமக்குக் கிடைத்த பெரும் பேறு.

சின்னசேலத்தில் பிரதோஷந்தோறும் கூடி வழிபடும் அன்பர்கள் இருபத்திரண்டு பேர் சென்ற வைகாசி மாதத்தில் அந்தப் பேற்றினைப் பெற்றோம். எங்களில் இளையவருக்கு ஐம்பத்தெட்டு வயது. மூத்தவர், கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த எழுபத்தெட்டு வயது அம்மையார். அவரை நாங்கள் எல்லோருமே ‘பெரியம்மா’ என்றுதான் அழைப்போம். வங்கிப் பணியில் முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கும் கையுமாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், செலவுக் கணக்கு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆனால் இக்கட்டுரையில் நான் எழுத வந்தது வேறொரு கணக்கு.

இலங்கை, பழம்பெரும் நகரங்களின் இடிபாடுகளும் அழகிய கடற்கரைகளும் நிறைந்த நாடு என்பதைப் பலரும் அறிவர். ஏழு நாள் பயணத்தில் அவ்விரண்டையும் கண்டோம். கண்டு திரும்பியபின் ஓர் உண்மை மனத்தில் ஆழப் பதிந்தது. கல் சிதையாமல் நிற்கும் ஓரிடத்தில் பூசை நின்று போயிருந்தது. பூசை நிற்காத இடத்திலோ பழைய கட்டடம் நிற்கவில்லை. இவற்றில் எது அழிந்த கோயில், எது அழியாத கோயில்? இந்தக் கேள்வியோடுதான் நாங்கள் ஊர் திரும்பினோம்.

கடல் வழியே நான்கு மணி நேரம்

முன்பெல்லாம் சென்னை எழும்பூரில் ரயிலேறித் தனுஷ்கோடி சென்று, அங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி மீண்டும் ரயிலைப் பிடித்துக் கொழும்பு செல்வார்கள். ‘போட் மெயில்’ என்று எங்கள் தந்தையார் தலைமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம். 1964ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து சென்று வந்த கப்பலும் 1980களில் போர் மூண்டபின் நின்றுவிட்டது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2023 அக்டோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணியர் கப்பல் தொடங்கப்பட்டது. சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது.

இரவில் சின்னசேலத்தில் புறப்பட்டு, விருத்தாசலம், சிதம்பரம் வழியாக விடியற்காலையில் நாகப்பட்டினம் அடைந்தோம். கப்பல் பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். கரை மறைந்ததும் பெண்கள் கோளறு பதிகம் ஓதத் தொடங்கினர். அன்று கடல் அமைதியாக இருந்தது.

காங்கேசன்துறை என்னும் பெயருக்கே ஒரு வரலாறு உண்டு. காங்கேயன் என்பது முருகப் பெருமானின் திருநாமம். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்கு உரிய திருவுருவம் வந்து இறங்கிய துறை ஆதலால் இப்பெயர் வந்தது என்பர். குதிரை முகம் கொண்டிருந்த மாருதப்புரவீகவல்லி என்னும் சோழ இளவரசி, அருகிலுள்ள கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அம்முகம் நீங்கப் பெற்றாள். குதிரை முகம் விட்ட ஊர் மாவிட்டபுரம் ஆயிற்று. இது தல வரலாறு. கீரிமலைத் தீர்த்தம் கடலுக்குச் சில அடி தூரத்திலேயே இருக்கிறது. ஆயினும் ஊறுவது நன்னீர். அங்கு எழுந்தருளியுள்ள நகுலேஸ்வரப் பெருமானின் ஆலயம் 1990க்குப் பின் பல்லாண்டுகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டு, அடியார்கள் செல்ல இயலாமல் இருந்தது. இப்போது தடையின்றித் தரிசிக்கலாம்.

ஒரு ரூபாய் அர்ச்சனை

யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தசுவாமியைத் தரிசித்தோம். பழைய நல்லூர்க் கோயிலைப் போர்த்துக்கீசியர் 1620களில் இடித்தனர். இன்று நாம் காணும் கோயில் 1734ஆம் ஆண்டு தொடங்கியது. இங்கே ஆடவர் மேலாடையின்றியே உள்ளே செல்ல வேண்டும். பூசைகள் குறித்த நிமிடத்தில் நடக்கும். யார் வந்தாலும் வராவிட்டாலும் மணி அடித்துவிடும்.

அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய்தான். இலங்கை ரூபாயில் ஒன்று. விலைவாசி எத்தனையோ மடங்கு ஏறியும் அந்த ஒரு ரூபாயை மாற்றவில்லை. கணக்கு எழுதிய என் கைக்கு அது புரியவில்லை. மனத்துக்குப் புரிந்தது. செல்வரும் வறியவரும் முருகன் முன்னே ஒரே விலையில் நிற்கிறார்கள்.

பாலாவிக் கரையில்

அடுத்த நாள் மன்னார் நோக்கிச் சென்றோம். வழியெங்கும் பனை மரங்களும் உப்புக் காற்றும். மாதோட்டம் என்னும் பழைய துறைமுகம் இங்கேதான் இருந்தது. பல நாட்டு மரக்கலங்கள் வந்து சென்ற அத்துறை மண்மேடாகிவிட்டது. அதன் அருகே கேது பகவான் வழிபட்ட திருக்கேதீச்சரம் விளங்குகிறது. அம்பிகையின் திருநாமம் கௌரி. தீர்த்தம் பாலாவி.

போர்த்துக்கீசியர் இக்கோயிலையும் தகர்த்து, அதன் கற்களை மன்னார்க் கோட்டை கட்டக் கொண்டு சென்றனர் என்பது வரலாறு. கோயில் இருந்த இடமே காடு மூடி மறைந்து போயிற்று. தேவாரத்தில் பெயர் இருந்தது. நிலத்தில் அடையாளம் இல்லை. 1872இல் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், இத்தலத்தைக் கண்டுபிடித்துத் திருப்பணி செய்யுமாறு சைவ மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். அவர் காலத்தில் அது நிறைவேறவில்லை. 1893இல் அந்நிலம் வாங்கப்பட்டது. அடுத்த ஆண்டு, புதைந்து கிடந்த சிவலிங்கம் கிடைத்தது. பூசை மீண்டும் தொடங்கியது. பின்னர் உள்நாட்டுப் போரிலும் இக்கோயில் பெரிதும் துன்புற்றது. இந்திய அரசின் உதவியுடன் கருங்கல் திருப்பணி நடந்து, 2022 ஜூலையில் கும்பாபிஷேகம் நிறைவேறியிருக்கிறது.

இங்கே அடியார்கள் தம் கையாலேயே பாலாவித் தீர்த்தம் எடுத்து வந்து மகாலிங்கத்துக்கு அபிஷேகம் செய்யலாம். பெரியம்மா இரண்டு குடம் நீர் சுமந்தார். உதவ வந்தவரை விலக்கிவிட்டார். கோயில் வாசலில் வில்வம் வாங்கியபோது, ஒரு பிடியைத் தனியே எடுத்து முந்தானையில் முடிந்து கொண்டார். “வில்வம் காய்ந்தாலும் தோஷமில்லை, தம்பி. வழியில எங்கயாவது ஒரு சாமி காத்துக்கிட்டிருக்கும்” என்றார்.

எல்லாளனின் நகரம்

மன்னாரிலிருந்து அநுராதபுரம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்த ஊர். சங்கமித்திரை கொண்டு வந்த போதி மரக்கிளை நடப்பட்டு இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகின்றன. அம்மரம் இன்றும் தளிர்க்கிறது. செங்கல்லால் எழுப்பப்பட்ட ஜேதவன தாகபை, கட்டப்பட்ட காலத்தில் ஏறக்குறைய நானூறு அடி உயரம் இருந்ததாம். இப்போது எஞ்சியிருப்பதே ஒரு குன்றைப் போலத் தோன்றுகிறது.

இந்நகரில் நாற்பத்து நான்கு ஆண்டுகள் அரசாண்டவன் எல்லாளன் என்னும் தமிழ் மன்னன். திருவாரூர் மனுநீதிச் சோழனைப் பற்றி நாம் கேட்டிருக்கும் அதே வரலாறு, பசுவும் கன்றும் ஆராய்ச்சி மணியும் தேர்க்காலில் இட்ட மகனும், பௌத்தர்களின் மகாவம்சத்தில் எல்லாளன் பெயரால் சொல்லப்பட்டிருக்கிறது. அவனைப் போரில் வென்ற துட்டகைமுனு, அவன் வீழ்ந்த இடத்தில் நினைவுச் சின்னம் எழுப்பி, அவ்வழியே செல்லும்போது வாத்தியங்களை நிறுத்த வேண்டும் என்று ஆணையிட்டதாகவும் அந்நூல் கூறுகிறது. பகைவனையும் போற்றிய பண்பு அது.

அநுராதபுரத்தில் என்னைக் கவர்ந்தது அங்கு வரும் மக்களே. வெள்ளையுடை அணிந்து, கையில் தாமரையும் நீலோற்பலமும் ஏந்தி, குடும்பம் குடும்பமாக அமைதியாக வருகிறார்கள். இடிந்த தாகபைகளில் பலவற்றைப் பழுது பார்த்து வெண்சுதை பூசியிருக்கிறார்கள். வேலைப்பாடு குறைந்த சிறு மேடையாக இருந்தாலும் அதன்மேல் பூ இருக்கிறது. இடிபாடு என்று நாம் சொல்வதை அவர்கள் கோயில் என்றே நினைக்கிறார்கள். சமயம் வேறாயினும் அது நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்.

பொலன்னறுவையில்

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் இராசராச சோழனின் படை அநுராதபுரத்தைக் கைப்பற்றியது. சோழர் பொலன்னறுவையைத் தலைநகராக்கி, அதற்குச் சனநாத மங்கலம் என்று பெயரிட்டனர். 1017இல் இராசேந்திரன் காலத்தில் இலங்கை அரசன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். 1070 அளவில் முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றித் தன் அரசை நிலைநாட்டினான். இந்த முக்கால் நூற்றாண்டுக் காலத்தின் நினைவாக இங்கே நிற்பதுதான், தொல்லியல் துறையினர் ‘இரண்டாம் சிவ தேவாலயம்’ என்று எண்ணிட்டிருக்கும் சிறு கற்றளி.

அதன் பெயர் வெறும் எண் அன்று. வானவன் மாதேவி ஈச்சரம் என்பது அதன் உரிய திருப்பெயர். இராசேந்திரனின் தாயாரும் இராசராசனின் தேவியுமான வானவன் மாதேவியின் பெயரால் எழுந்தது என்று அறிஞர் பலரும் கொள்வர்.

இந்தப் பெயரைக் கேட்டதும் எங்கள் குழுவில் இருந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியர் கைகூப்பிவிட்டார். காரணம் உண்டு. இதே பெயர் கொண்ட மற்றோர் அரசியை எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டம் அறியும். இராசராசனைப் பெற்ற தாய், சுந்தர சோழரின் தேவியார், அவரும் வானவன் மாதேவிதான். திருக்கோவலூரை ஆண்ட மலையமான் குலத்தில் பிறந்தவர். கணவர் மறைந்தபோது பச்சிளங் குழந்தையைப் பிரிந்து அவருடன் தீப்புகுந்த செய்தியைத் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு சொல்கிறது. அக்கல்வெட்டிலேயே கபிலரும் பாரி மகளும் பேசப்படுகிறார்கள். அந்தத் தாய்க்குத் தஞ்சைப் பெரிய கோயிலில் படிமம் எழுந்தருளுவித்தவர் மகளார் குந்தவைப் பிராட்டியார். சின்னசேலத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் சென்று சேரும் திருக்கோவலூரில் ஒரு மாதேவியின் பெயர் கல்லில் இருக்கிறது. கடலுக்கு அப்பால் காட்டு நடுவே அதே பெயர் தாங்கிய கோயில் நிற்கிறது. மாமியும் மருமகளும் ஒரே பெயர் தாங்கியிருந்தார்கள் என்பதை நினைத்தால், உறவினர் வீட்டுக்கு வந்தது போன்ற உணர்வு எங்களுக்கு ஏற்பட்டது.

கோயில் சிறியது. அடி முதல் முடி வரை கல். விமானம் சிதையாமல் இருக்கிறது. சுவரில் தமிழ் எழுத்துகள் தெரிகின்றன. கருவறையில் சிவலிங்கம் இருக்கிறது. வெளியே மரநிழலில் நந்தி. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக வெயிலும் மழையும் அசைக்காத கட்டுமானம். ஆனால் உள்ளே விளக்கு இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. மணியோசை இல்லை. பழங்கோயிலின் கருவறையில் நமக்குப் பழகிய அந்த விபூதி, கர்ப்பூர மணம் இல்லை. பொலன்னறுவையில் கிடைத்த நடராசரும் காரைக்காலம்மையாரும் மற்றைய செப்புத் திருமேனிகளும் இப்போது அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

கர்ப்பூரம் ஏற்றலாமா என்று வழிகாட்டியிடம் கேட்டோம். பாதுகாக்கப்பட்ட இடம், நெருப்பு வேண்டாம் என்றார். நியாயம்தான். அப்போது எங்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. ஆகம நெறியில் ஊறிய அன்பர் ஒருவர் சொன்னார்: “நித்திய பூசை தவறினால் பிராயச்சித்தம் வேண்டும். நெடுங்காலம் நின்றுபோன கோயிலில் முறைப்படி மீண்டும் பிரதிஷ்டை செய்த பிறகே வழிபட வேண்டும். இதை இப்போது நாம் சரித்திரச் சின்னமாகத்தான் பார்க்கலாம்.” தமிழாசிரியர் மறுத்தார்: “கும்பிடுவதற்கு ஆகமம் எங்கே தடை சொன்னது?” இருவருமே கற்றவர்கள். குரல் சற்றே உயர்ந்தது.

பெரியம்மா அதற்குள் படியேறிவிட்டிருந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். கேதீச்சரத்து வில்வம் வாடிச் சுருண்டிருந்தது. ஆவுடையார்மேல் எங்களுக்கு முன்பே யாரோ வைத்துச் சென்ற இரண்டு பூக்கள் இருந்தன. அவற்றின் அருகில் வில்வத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“பூசைதாம்ப்பா நின்னு போச்சு. சாமி எங்கப்பா போயிடும்?”

அதன்பின் விவாதம் இல்லை. ஆகம அன்பரே முதலில் குரல் எடுத்துத் தேவாரம் பாடத் தொடங்கினார். மற்றவர்கள் சேர்ந்து கொண்டோம். கல் மண்டபத்துள் அந்த ஓசை சுற்றிச் சுற்றி வந்தது. வெளியே சில வெள்ளையுடைச் சிங்களக் குடும்பத்தினர் நின்று கேட்டார்கள். பாடி முடித்ததும் அவர்களில் ஒரு முதியவர் உள்ளே வந்து லிங்கத்தின் முன் கைகூப்பிச் சென்றார். முன்பு பூ வைத்தவர் யாராக இருக்கும் என்ற கேள்விக்கு விடை கிடைத்தது போலிருந்தது.

அருகிலேயே கல்விகாரையில், பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு காலத்தில் ஒரே பாறையில் செதுக்கிய புத்தர் உருவங்களைக் கண்டோம். சயனித்திருக்கும் உருவம் 46 அடி நீளம். இந்நகரில் இருக்கும் ஒரு தமிழ்க் கல்வெட்டு, புத்தரின் புனிதப் பல் இருந்த மாளிகையை வேளைக்காரப் படையினர் பாதுகாப்பதாக ஏற்ற உறுதியைக் கூறுகிறது. ஒருவர் தெய்வத்தை மற்றவர் காத்த காலமும் இருந்திருக்கிறது.

கோணமலை உச்சியில்

பொலன்னறுவையிலிருந்து செல்லும் வழியில் சிகிரியாக் குன்றைத் தொலைவிலிருந்தே கண்டோம். ஏறத்தாழ 1,200 படிகள் எங்கள் முழங்கால்களுக்கு ஒத்துவராதவை. மாலையில் திருக்கோணமலை சேர்ந்தோம். நிலாவெளிக் கடற்கரையில் மணல் வெண்மையாக இருந்தது. வைகாசி மாதத்தில் கிழக்குக் கடல் குளம் போல் அமைதி கொண்டிருக்கும். முதியவர்களும் கால் நனைக்கலாம்.

கோணேசர் கோயில் கடலுள் நீண்டு நிற்கும் செங்குத்தான பாறையின் மேல் இருக்கிறது. பிரெட்ரிக் கோட்டைக்குள் நுழைந்துதான் செல்ல வேண்டும். கோட்டை வாயிலில் இரட்டைக் கயல் பொறித்த கல் ஒன்று தமிழ் எழுத்துகளுடன் பதிந்திருக்கிறது. உள்ளே புள்ளிமான்கள் அச்சமின்றி உலவுகின்றன. கோட்டை மதிலின் கற்களைத் தொட்டுக் கும்பிட்டபடி பெண்கள் நடந்தார்கள். 1620களில் போர்த்துக்கீசியர் கோணேசர் கோயிலை இடித்துக் கடலில் தள்ளி, எஞ்சிய கற்களைக் கொண்டு இக்கோட்டையை எழுப்பினார்கள். அது கோட்டை மதிலாக இருந்தாலும் கல் கோயிலின் கல்தானே!

இங்கே நிகழ்ந்ததுதான் அற்புதம். கோயில் போயிற்று. பூசை போகவில்லை. அடியார்கள் காப்பாற்றிய திருமேனிகளுக்குத் தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் கோயில் எழுந்தது. மலை உச்சியிலோ, ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆட்சிகளில் கோயிலே இல்லாத காலத்தில் கூட, பூசகர் பாறையின் விளிம்பில் நின்று தீபம் காட்டி, மலரையும் நிவேதனத்தையும் கடலில் இட்டு வழிபட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த ஆங்கிலேயர்கள் இதைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். கருவறை இல்லை, கதவு இல்லை, கூரை இல்லை. கீழே கடலடியில் பெருமான் இருக்கிறார் என்னும் நம்பிக்கை ஒன்றே கோயிலாக நின்றது.

அந்நம்பிக்கை வீண்போகவில்லை. 1950இல் நகரில் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் மைக் வில்சன், ஆர்தர் சி. கிளார்க் ஆகியோர் கடலில் மூழ்கி, கோயிலின் தூண்களும் சிற்பங்களும் நீரடியில் கிடப்பதைக் கண்டனர். மக்கள் திருப்பணி செய்து 1963இல் கும்பாபிஷேகம் நிறைவேற்றினர். இன்று கோணேசப் பெருமானும் மாதுமை அம்பாளும் அங்கே அருள்புரிகின்றனர். கட்டடம் பழைய கட்டடம் அன்று. ஆனால் விளக்கு பழைய விளக்கு.

விடியற்காலைப் பூசைக்குச் சென்றோம். மூன்று பக்கமும் கடல். கீழே அலை பாறையில் மோதும் ஓசை. கிழக்கே சூரியன் எழுந்தபோது தீபாராதனை. பெரியம்மா அழுதுகொண்டிருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அன்று முற்பகல் கன்னியாவில் உள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்குச் சென்றோம். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்பது மரபு. பெற்றோரை நினைத்து நீர் ஊற்றிக்கொண்டோம்.

தொண்ணூற்றாறு ஆடுகள்

திரும்பும் கப்பலில் நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சோழர் காலத்தில் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு வைக்க விரும்பியவர்கள் பெரும்பாலும் தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுத்தார்கள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு கிழமானால் குட்டி அதன் இடத்துக்கு வந்துவிடும். ஆகவே எண்ணிக்கை என்றும் குறையாது. ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் இதைச் சொல்கின்றன. வங்கிக்காரன் மொழியில் சொன்னால், முதல் குறையாத வைப்பு நிதி. இன்னும் ஒரு சிறப்பு, வட்டி பணமாக இல்லாமல் நெய்யாகவே வந்தது. நெய் விலை ஏறினாலும் விளக்குக்குக் குறைவில்லை.

இன்று தமிழகத்தில் வருமானமில்லாத கோயில்களுக்கு அறநிலையத் துறையின் ‘ஒரு கால பூஜைத் திட்டம்’ இருக்கிறது. கோயிலின் பெயரில் வைப்பு நிதி இட்டு, வரும் வட்டியில் தினம் ஒரு வேளை பூசை நடத்துவது அதன் நோக்கம். ஒரு லட்சமாக இருந்த வைப்பு நிதி 2021க்குப் பின் இரண்டு லட்சமாகவும், பின்னர் இரண்டரை லட்சமாகவும் உயர்த்தப்பட்டது. நல்ல செயல். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு ஆறரை சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டாலும் 16,250 ரூபாய். நாளொன்றுக்கு நாற்பத்து நான்கு ரூபாய். அதில் எண்ணெய், திரி, பூ, நிவேதனம். வைப்பு நிதி குட்டி போடும் ஆடு அன்று. எண்ணெய் விலை ஏற ஏற, விளக்கின் சுடர் சிறுத்துக்கொண்டே போகும்.

வானவன் மாதேவி ஈச்சரத்தில் விளக்கு எப்படி நின்றது? அரசு மாறியது, பிறகு தலைநகரும் மாறியது, ஊர் காடாயிற்று. எண்ணெய் ஊற்ற அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாமல் போனதுதான் காரணம். கோணமலையில் விளக்கு எப்படி நிற்காமல் இருந்தது? நிதியும் இல்லை, நிலமும் இல்லை, கோயிலே இல்லை. பாறை விளிம்புக்கு ஏறி வர ஆள் இருந்தார்கள். அரசர் கொடுத்த ஆடும் அரசு கொடுக்கும் வைப்பும் விளக்குக்கு நெய் தரும். மாலையில் படியேறி வரும் ஒரு மனிதர்தான் விளக்குக்கு உயிர் தருவார்.

நம் வட்டாரத்திலேயே எத்தனை சிவாலயங்கள் மாலையில் இருண்டு கிடக்கின்றன! கல் உறுதியாக இருக்கிறது. விமானத்தில் ஆலஞ்செடி முளைத்திருக்கிறது. பூசகர் காலையில் வந்து ஒரு நாழிகையில் பூட்டிச் சென்றுவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஊரில் யாரும் வராத கோயிலில் அவர் மட்டும் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார்? நம் பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். ஊரில் மிஞ்சியிருப்பவர்கள் நம்மைப் போன்ற முதியவர்கள். ஆகையால் இப்பணி நம்முடையது.

ஊர் திரும்பிய முதல் பிரதோஷத்தன்று பெரியம்மாவே வழி காட்டினார். “மாசம் ஒரு பிரதோஷம் நம்ம கோயில்ல பாக்கலாம். இன்னொண்ணை விளக்கில்லாத கோயில்ல பாக்கலாமே” என்றார். அவ்வாறே செய்து வருகிறோம். அடிவாரத்து ஊர்களில் இதுவரை மூன்று கோயில்களுக்குச் சென்றோம். முதல் முறை ஊரார் வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த முறை சென்றபோது, ஒரு கோயிலில் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது.

செல்ல விரும்புவோருக்கு

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். இலங்கைக்குரிய மின்னணுப் பயண அனுமதியை முன்னரே பெற்றுக்கொள்ளுங்கள். நாகப்பட்டினம் கப்பல் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறுத்தப்படுவது வழக்கம். புறப்படும் நாளை உறுதி செய்துகொண்டு திட்டமிடுவது நலம். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானமும் உண்டு.

இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மருந்துகளை மருத்துவர் சீட்டுடன் கைப்பையில் வையுங்கள். அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் புனித இடங்களில் காலணியும் தொப்பியும் கழற்ற வேண்டும். நண்பகலில் கல் கொதிக்கும். தடித்த காலுறை அணிந்து செல்லலாம். காலை எட்டு மணிக்குள் தொடங்கினால் சிரமம் குறையும். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். புத்தர் உருவத்துக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது. கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழி நீண்டதன்று. மெதுவாக நடந்தால் எழுபதைக் கடந்தவர்களும் ஏறிவிடலாம்.

ஈழத்தின் ஐந்து ஈச்சரங்களில் மூன்றைத்தான் இப்பயணத்தில் தரிசித்தோம். சிலாபத்தருகே உள்ள முன்னேசுவரமும் தென்கோடியில் தொண்டேசுவரம் இருந்த தேவேந்திரமுனையும் கதிர்காமமும் எஞ்சியுள்ளன. இறைவன் அருள் இருந்தால் அடுத்த ஆண்டு.

பொலன்னறுவை செல்பவர்கள் கர்ப்பூரம் கொண்டு செல்ல வேண்டாம். கேதீச்சரத்து வாசலில் ஒரு பிடி வில்வம் வாங்கி முடிந்து வையுங்கள். வானவன் மாதேவி ஈச்சரத்தில் பெருமான் காத்திருக்கிறார்.